கன்னியாக் கிணற்றில் பைதான் பழகலாம்

விஞ்ஞானம் படிக்கிற தம்பி தங்கச்சிமாரே, பைதான் என்ற கணினி நிரல்மொழியை வீடியோ பார்த்தே பழகலாம் என்று இருக்காதீர்கள், சொந்தத் தரவு வேண்டும். ஒரு வெப்பமானியோடு திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போங்கள். ஏழு கிணறு, சூடு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறு. காலையும் பின்னேரமும் அளந்து கொப்பியில் குறித்து, இரவு அதைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக்கி, பைதானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸில் திறந்து, வரைபடம் போடும் மாட்பிளாட்லிப்பில் வரைந்து பாருங்கள். முதல் நாள் பிழைச்செய்திதான் வரும். சரி, அதன் கடைசி வரியை முதலில் வாசியுங்கள், கோளாறு என்னவென்று அநேகமாக அங்கேதான் எழுதியிருக்கும்.

எக்செல் போதாதா? அது சில மரபணுப் பெயர்களைத் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததில், 2020இல் விஞ்ஞானிகள் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள்! பைதானில் செய்த ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்கும், ஆறு மாதம் கழித்து மேற்பார்வையாளர் கேட்டாலும் திரும்ப ஓட்டிக் காட்டலாம் (கொப்பியைத் தொலைத்தவன் சொல்கிறேன்).

2019இல் வந்த கருந்துளைப் படத்துக்குப் பின்னாலும் பைதானில் எண் கணக்குப் போடும் நம்பை, மாட்பிளாட்லிப் எல்லாம் இருந்தன. அதே கருவிகள் உங்கள் பழைய லப்டொப்பிலும் இலவசமாக ஓடும். அப்புறம் நீங்கள் எழுதிய குறிமுறையைக் கிட்ஹப்பில் (குறிமுறையைப் பகிரும் இணையத்தளம்) போட்டு, முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போது இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். விலங்கியல் படித்துவிட்டு, நிலாவெளிக்கு அருகே உள்ள புறாமலைத் தீவின் பவளப்பாறைப் படங்களை எண்ணும் வேலைக்குக்கூட இது கைகொடுக்கும்.