கதையில் ஒரு கை, மாவில் ஒரு கை: படப் புத்தகத்தோடு சேர்த்துச் சமைப்பது

புத்தகத்தில் மாம்பழம் வந்ததும் ஒரு மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டால் கதையோடு சமையலைச் சேர்த்தாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளை அதைத் தின்றுவிட்டு எழுந்து போய்விடும். கதைக்குள் நடக்கிற வேலையைப் பிள்ளையின் கையும் செய்ய வேண்டும். கதையில் உருட்டினால் இங்கேயும் உருட்டட்டும், மூட்டை கட்டினால் கட்டட்டும், விதைக்காகக் காத்திருந்தால் காத்திருக்கட்டும். 3 முதல் 6 வயது வரையான பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்க இந்த ஒரு சோதனை போதும்.

பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல், உண்பதைவிடச் செய்வதைக் காட்டும் படம்: இந்த மூன்றும் இருக்கும் புத்தகத்தை எடுங்கள். குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம், இறக்கி அச்சிடவும் செய்யலாம். அங்கே முதல் நிலைப் புத்தகங்கள் இந்த வயதுக்குச் சரியாக இருக்கும். அச்சிட்ட பக்கங்களில் இன்னொரு வசதி, மாவுக் கை பட்டாலும் பதற வேண்டியதில்லை.

சமைக்கிற அன்றே முதல் முறையாகக் கதை சொல்லாதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே படித்துக் காட்டுங்கள். கதை மனப்பாடம் ஆன பிறகுதான் பிள்ளையின் கவனம் கைக்கு வரும்.

அத்திரிபாச்சாவும் பிடி கொழுக்கட்டையும்

இந்தச் சேர்க்கைக்கு நம்மிடம் இருக்கும் அருமையான கதை இது. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயர் மறக்காமலிருக்க ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு நடக்கிறான். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று குதிக்கிறான், அதற்குப் பிறகு அதுதான் வாயில் நிற்கிறது. புத்தகம் கிடைக்காவிட்டால் நான்கு படம் வரைந்து தைத்துக்கொள்ளுங்கள்: தின்கிறான், நடக்கிறான், தாண்டுகிறான், வீட்டில் திருதிருவென விழிக்கிறான். பழைய வடிவத்தில் மனைவியை அடித்து, அவள் முகம் கொழுக்கட்டையாய் வீங்கிய பிறகுதான் பெயர் நினைவுக்கு வரும். சின்னப் பிள்ளைகளிடம் அதை விட்டுவிடலாம். மாவைப் பிடித்ததும் விரல் தடத்தைப் பார்த்துப் பெயர் திரும்பி வந்தது என்று மாற்றினால் கதை நேராக மாவுக் கிண்ணத்தில் வந்து நிற்கும்.

வறுத்த அரிசி மாவு 1 டம்ளர், பொடித்த வெல்லம் முக்கால் டம்ளர், தண்ணீர் ஒன்றேகால் டம்ளர், தேங்காய்த் துருவல் கால் டம்ளர், ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை. சிறு கைகளுக்கு ஏறக்குறைய 15 கொழுக்கட்டை வரும்.

அடுப்பு வேலை முழுக்கப் பெரியவருடையது. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, தேங்காய், ஏலம், உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பாகு பதம் வரக் கூடாது. வந்தால் கொழுக்கட்டை ஆறியதும் கல்லாகிவிடும். தீயைக் குறைத்து மாவைக் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறி, இறக்கி 10 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு நீங்களே ஒருமுறை பிசைந்துவிடுங்கள். மேலே ஆறியதுபோல் இருந்தாலும் மாவின் நடுவில் சூடு ஒளிந்திருக்கும், அதனால் ஓர் உருண்டையைப் பிட்டு உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சுடாவிட்டால் மட்டும் பிள்ளையிடம் கொடுக்கலாம். மீதி மாவு ஈரத்துணிக்கு அடியில் இருக்கட்டும்.

பிள்ளையின் உள்ளங்கையில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய். எலுமிச்சை அளவில் பாதி மாவை எடுத்து ‘கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி பிடிக்கட்டும். விரல் தடம் விழ வேண்டும், அதை வழித்துச் சீராக்கிவிடாதீர்கள். வெந்த பிறகு ‘இது என்னுது’ என்று அடையாளம் காட்ட அதுதான் கையெழுத்து. ஒரு தட்டில் ஏறக்குறைய ஒரே அளவாக வையுங்கள். பெரிதும் சிறிதும் கலந்தால் ஒன்று வேகும்போது இன்னொன்று இறுகிவிடும்.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகே தட்டை வைத்து 10 முதல் 12 நிமிடம் வேக விடுங்கள். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள். தரையில் ஒரு துண்டை வாய்க்காலாக விரித்து, அடுப்படிக்கு வெளியே, தாண்டச் சொல்லுங்கள். பத்து ‘அத்திரிபாச்சா’வுக்குள் பாதி நேரம் ஓடிவிடும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல், மேலே பளபளப்பு வந்திருந்தால் வெந்தாயிற்று.

பிடிக்கும்போது வெடித்தால் மாவு காய்ந்திருக்கிறது. வெந்நீர் ஒரு கரண்டி தெளித்துப் பிசையுங்கள். கையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கூடிவிட்டது; ஒரு கரண்டி வறுத்த மாவு சேர்க்கலாம். தண்ணீர் கொதிக்கும் முன்பே மாவைக் கொட்டியிருந்தால் மட்டும் சரிசெய்ய வழியில்லை, வெந்த பிறகும் பச்சை வாடை அடிக்கும்.

அடுப்பில்லாத நாளுக்குக் குசேலர்

குசேலர் கண்ணனுக்கு அவல் மூட்டை கொண்டுபோகும் கதைக்கு அடுப்பே வேண்டாம், அங்கன்வாடியிலும் வகுப்பறையிலும் இது எளிது. கெட்டி அவல் 1 டம்ளரை இரண்டு முறை அலசி, மூழ்குமளவு தண்ணீரில் 5 நிமிடம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். மெல்லிய அவல் என்றால் ஊறவைக்கவே வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும், ஊறினால் கூழாகிவிடும். பொடித்த வெல்லம் கால் டம்ளர், தேங்காய்த் துருவல் மூன்று கரண்டி. கிளறுவதும் தூவுவதும் பிள்ளைகள் வேலை. நான்கு பேருக்கு ஒரு கிண்ணம் என்று பிரியுங்கள், பத்துப் பேருக்கு ஒரே அண்டா வைத்தால் இரண்டு பேர் கிளற எட்டுப் பேர் சண்டை போடுவார்கள்.

கிளறி முடித்ததும் ஆளுக்கு ஒரு பிடி, துவைத்த சின்னத் துணியில் மூட்டையாகக் கட்டட்டும். முடிச்சுப் போடத் தெரியாத மூன்று வயதுக்காரருக்கு ரப்பர் வளையம் கொடுங்கள். கண்ணன் மூட்டையைப் பிடுங்கும் பக்கம் வரும்போது பக்கத்தில் இருப்பவரின் மூட்டையைப் பிடுங்கித் தின்னலாம் என்று அனுமதி கொடுத்துப் பாருங்கள், அந்த ஆரவாரத்துக்குத் தயாராக இருந்தால்.

விதைக் கதைக்குப் பச்சைப்பயறு

விதை முளைக்கும் புத்தகங்களை ஒரே நாளில் முடிக்கக் கூடாது. இரவில் பயறை ஊறப் போடுங்கள், காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டுங்கள், துணி காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். வெயில் காலத்தில் மறுநாளே முளை எட்டிப் பார்க்கும், குளிரில் இன்னொரு நாள் ஆகலாம். கட்டைப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் புத்தகத்தில் அந்தப் பக்கத்தையும் திறந்து வையுங்கள். புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பொருள், கொட்டிவிட வேண்டியதுதான். நல்ல முளையையும் சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்தே கொடுங்கள், ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் முளையோடு கிருமியும் வளரும்.

பாட்டி வடை சுட்ட கதையைப் பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள். வடையைத் தட்டி வாழையிலையில் வைப்பதோடு அவர்கள் பங்கு முடிந்தது. எண்ணெய் காயும்போது எல்லாரும் அடுத்த அறையில். எந்தக் கதையானாலும் முழு வேர்க்கடலையை 5 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். வகுப்பில் செய்வதானால் யாருக்கு எது ஒவ்வாது என்று பெற்றோரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.