டிரெய்லரின் பின்புற வயர்லெஸ் கேமரா: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

பயண டிரெய்லரை, அதாவது காரின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை, இழுக்கும்போது காரின் உள்கண்ணாடியில் தெரிவது டிரெய்லரின் முன்சுவர் மட்டும்தான். பக்கக் கண்ணாடிகளில் இரண்டு ஓரமும் தெரியும். நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வண்டி எதிலும் தெரியாது. இதற்காகத்தான் கேமரா. ரிவர்ஸ் எடுக்க உதவும் என்று வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அது ரொம்பவும் கைகொடுப்பது சாலையில் முன்னோக்கிப் போகும்போதுதான் என்பது என் கருத்து. ஒரு லாரியை முந்திவிட்டுப் பழைய தடத்துக்குத் திரும்பும்போது, டிரெய்லரின் வால் அதைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அகலக் கோண லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளியே காட்டும். திரையில் இடம் போதும் என்று தோன்றிய பிறகும் கொஞ்சம் பொறுத்துத் திரும்புங்கள்.

வாங்கும்போது டிஜிட்டல் வகையையே எடுங்கள். பழைய அனலாக் வகையில் பக்கத்து வண்டியின் படம் நம் திரையில் வந்து விழுவதும் உண்டு. டிஜிட்டல் கேமராக்களிலும் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபை, புளூடூத் இரண்டும் அங்கேதான் இருப்பதால் குறுக்கீடு வரலாம். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் திறந்த வெளிக்கான கணக்கு. நம் கேமராவுக்கும் திரைக்கும் நடுவில் அலுமினியத் தகடு, ஃபிரிட்ஜ், அடுப்பு, காரின் உடல் எல்லாம் நிற்கின்றன.

அதனால் துளை போடுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது அவசியம். கேமராவை டிரெய்லரின் பின்னால் டேப்பால் ஒட்டி, தற்காலிகமாக மின்சாரம் கொடுங்கள். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்துவிட்டு, வெறிச்சோடிய இடத்தில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் நன்றாக வளைத்துத் திருப்புங்கள். நேராகப் போகும்போது தெளிவாக வந்த படம் வளைவில் அறுந்துபோகலாம். அப்படியானால் கேமராவின் ஆன்டெனாவை நீட்டிப்புக் கம்பி மூலம் டிரெய்லரின் முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும்.

திரை கறுத்துப்போனால் உடனே தெரிந்துவிடும். படம் உறைந்து நின்றால்தான் பயம். காலியாக இருந்த சாலை காலியாகவே தெரிந்துகொண்டிருக்கும். எனவே திரையைப் பார்க்கும்போதெல்லாம் சாலைக் கோடுகள் நகர்கின்றனவா என்று கவனிக்கப் பழகுங்கள்.

மின்சாரம் எங்கிருந்து? டிரெய்லரின் பின்பக்க உச்சியில், வண்டியின் அளவைக் காட்ட எரியும் மார்க்கர் விளக்கின் கம்பியிலிருந்து எடுப்பது சுலபம். பார்க்கிங் விளக்கு எரிந்தால்தான் கேமரா உயிர் பெறும், ஆகவே பகலிலும் விளக்கைப் போட்டு ஓட்டுங்கள். ரிவர்ஸ் விளக்கோடு மட்டும் இணைத்தால் சாலையில் எதுவும் தெரியாது. பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதென்றால் ஃபியூஸும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். சுவிட்ச் இல்லாவிட்டால் நிறுத்திவைத்திருக்கும்போது பேட்டரி இறங்கிவிடும். கம்பியை உள்ளே விட விளக்குக்குப் பின்னால் ஏற்கெனவே இருக்கும் துளையே போதும். புதிதாகத் துளைத்தால் பியூட்டைல் டேப்பும் (நீர் புகாமல் ஒட்டும் ரப்பர் நாடா) சீலன்ட்டும் வைத்து நன்றாக அடையுங்கள். சுவருக்குள் தண்ணீர் இறங்கினால் மரச்சட்டம் வெளியே தெரியாமலே உளுத்துப்போகும்.

கேமராவை உயரத்தில், நடுவில் பொருத்துங்கள். திரையின் அடியில் பம்பரின் விளிம்பு லேசாகத் தெரிய வேண்டும், மேலே தூரத்துச் சாலை தெரிய வேண்டும். அப்புறம் ஒருவரை டிரெய்லரின் இடது பின்மூலையில் நிற்கச் சொல்லுங்கள். திரையிலும் அவர் இடப்பக்கம் தெரிய வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் அமைப்புகளில் போய்ப் படத்தைத் திருப்பிவிடுங்கள். திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள். 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் தள்ளி ஏதாவது பொருளை வைத்து, ஒவ்வொன்றும் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரிவர்ஸ். டிரெய்லரின் பின்னால் இருக்கும் கேமராவுக்கு டிரெய்லரும் காரும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது தெரியாது. திரையிலேயே கண்ணை வைத்திருந்தால், பின்னால் எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முன்னால் டிரெய்லர் மடங்கிக் காரின் மூலையில் இடித்துவிடும். கோணத்துக்குப் பக்கக் கண்ணாடி, தடைக்குக் கேமரா என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வையுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். திருப்பத்தைச் சின்னச் சின்னதாகக் கொடுங்கள். கண்ணாடியில் ஒரு பக்கம் டிரெய்லரின் சுவர் அகலமாகிக்கொண்டே வந்தால் கோணம் கூடுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அனுபவசாலிகள் எல்லோரும் செய்வதுதான்.

கூரையை உரசும் கிளையும், வளைவின் உட்பக்கம் நிற்கும் குட்டைக் கல்லும் கேமராவில் வராது. இறங்கி ஒரு முறை சுற்றிப் பாருங்கள். வழிகாட்ட ஆள் இருந்தால், அவர் கண்ணாடியிலோ திரையிலோ தெரியும் இடத்தில்தான் நிற்க வேண்டும். அவர் மறைந்த அந்த நொடியே பிரேக். குழந்தைகள் அருகில் இருந்தால் இதில் தளர்வே வேண்டாம்.

டிரெய்லரின் பின்புறம் புழுதியை உறிஞ்சி இழுக்கும். மண்சாலையில் கொஞ்ச தூரம் போனாலே லென்ஸ் மங்கிவிடும். எரிபொருள் போட நிறுத்தும்போதெல்லாம் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணைத் தேய்த்தால் லென்ஸில் கீறல் விழும், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.