முருங்கைக்கீரை சாப்பிட்ட கையோடு காபியா?

"வாரம் நாலு நாள் கீரை, மூணு மாசமா இரும்பு மாத்திரை. ஆனா ரத்தம் ஏறவே மாட்டேங்குது." இப்படிச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சாப்பிட்டதும் என்ன குடிக்கிறீர்கள் என்றுதான். பெரும்பாலும் பதில் டீ, இல்லாவிட்டால் காபி.

15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. சத்தான சாப்பாடு கிடைக்காதது பெரிய காரணம். ஆனால் கிடைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் அது உடம்பில் ஒட்டாமல் போவது எனக்கு அதைவிட ஆற்றாமையாக இருக்கிறது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம் என்றாலும், இரும்பை உறிஞ்சும் வேலை பெரும்பாலும் அதன் தொடக்கத்திலேயே, முன்சிறுகுடலிலும் அதை ஒட்டிய பகுதியிலும் முடிந்துவிடுகிறது. அங்கே வந்து சேரும்போது இரும்பு கரைந்த நிலையில் இருக்க வேண்டும். டீயின் துவர்ப்பான டானின் அதைப் பிடித்துக்கொண்டால் கரையாது. அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பால் சேர்க்காத டீயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, இரும்பு மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டுக் கலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அது மையேதான்! கடுக்காய்த் துவர்ப்போடு அன்னபேதியைச் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் எழுதுமை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையில் இருப்பதும் அதுவே.

சரி, எவ்வளவு இடைவெளி விடுவது? 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி இரும்பைத் தடுக்கவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே தடுத்தது. அதனால் காபியை முன்னால் தள்ளுங்கள். பின்னால் என்றால் இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று இடிக்கும். கர்ப்பிணிகளுக்கு இரண்டு மாத்திரையும் தருகிறார்கள். மறந்துபோகும் என்று இரண்டையும் ஒரே வாயில், அதுவும் பாலோடு விழுங்குபவர்கள் நிறைய. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். இரும்புக்கு நல்ல துணை புளிப்புதான்: நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை. எலுமிச்சையைக் கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதியில் வைட்டமின் சி அழிந்துவிடும்.

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் 'கேஸ் மாத்திரை'யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கி, வருஷக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார்கள். இரைப்பை அமிலம் வீணாக ஊறவில்லை. இரும்பு கரையவும், உணவுப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் வைட்டமின் பி12 பிரியவும் அது வேண்டும். பி12 இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போய்த்தான் உறிஞ்சப்படுகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கும் பி12 குறையலாம். இரண்டு மாத்திரையும் எடுக்கும் சைவக்காரருக்குக் கால் மரத்துப்போனால், சர்க்கரைதான் காரணம் என்று முடிவுகட்டாமல் பி12 பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எண்ணெய்க்குப் பயந்து கேரட்டையும் கீரையையும் வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுவதும் தவறு. வைட்டமின் ஏ தரும் நிறமி கொழுப்போடுதான் உள்ளே போகும். தாளிக்கிற ஒரு ஸ்பூன் போதும். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்றதும் சரிதான். குடலுக்குப் பல் இல்லை. முழுசாக விழுங்கிய எள் முழுசாகவே வெளியே வரும். சாப்பாட்டுக்கு நடுவே நாலு வாய் தண்ணீர் குடித்தால் செரிமானம் கெடும் என்ற பயம் மட்டும் வேண்டியதில்லை.

இரும்பு மாத்திரை தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகும். உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. அதைப் பார்த்துப் பயந்து ஒரே வாரத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். தார்போல ஒட்டி, கடுமையாக நாறி, தலைசுற்றலும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி மாத்திரையைத் தொடருங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப வழக்கமாக இன்னும் மூன்று மாதம் போடச் சொல்வார்கள்.