சின்ன டிரஸ்டுக்கு முதல் சி.எஸ்.ஆர் நிதி: படிப்படியாக, சறுக்கிய இடங்களோடு

முதுகுளத்தூர் பக்கம் நாலைந்து கிராமங்களில் வேலை செய்யும் சின்ன டிரஸ்ட் எங்களுடையது. கணக்கு, கடிதம், ப்ரொபோசல் எல்லாம் என் தலையில். மூன்று கம்பெனிகள் கைவிரித்த பிறகு, நான்காவது கம்பெனி தன் சி.எஸ்.ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியிலிருந்து மிளகாய் உலர்களத்துக்குப் பணம் கொடுத்தது. எங்கெங்கே சறுக்கினோம் என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். டிரஸ்ட் பதிவு, பான், வங்கிக் கணக்கு, வருடாந்தர ஆடிட் எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதலில் ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடியுங்கள்.

படி 1: இது யார் பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடங்களின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எந்தெந்தப் பணிக்கு என்பது சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. முதல் வரியிலேயே பசி, வறுமை, ஊட்டச்சத்துக் குறைவு ஒழிப்பு வந்துவிடுகிறது. வாழ்வாதாரம், கிராம வளர்ச்சியும் உண்டு. உங்கள் ப்ரொபோசலின் முதல் பக்கத்திலேயே அட்டவணையின் எந்த இனத்தில் உங்கள் வேலை வருகிறது என்று எழுதிவிடுங்கள். கம்பெனியின் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர் அந்த ஆபீசில் யாரோ ஒருவர் இருக்கிறார். அவர் வேலையை நீங்கள் முடித்துக் கொடுத்தால் உங்கள் தாள் மேலே நகரும்.

படி 2: காகிதங்கள்

12ஏ (டிரஸ்டுக்கு வருமான வரி விலக்குத் தரும் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு) இரண்டும் வேண்டும். அதே மாதிரியான வேலையில் குறைந்தது மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். இவற்றோடு கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாமல் எந்தக் கம்பெனியும் உங்களுக்கு சி.எஸ்.ஆர் பணம் தர முடியாது. நிர்வாக அறங்காவலரின் டிஜிட்டல் கையெழுத்தும், தொழில் நடத்தும் ஆடிட்டர் அல்லது கம்பெனி செக்ரட்டரியின் சான்றும் அதில் இருக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறதா? எங்கள் டிரஸ்ட் பத்திரத்தில் பெயருக்கு நடுவே 'ரூரல்' என்று ஒரு சொல் உண்டு. பான் அட்டையில் அது விட்டுப்போயிருந்தது. பதினோரு வருடமாக யாருக்கும் அது உறுத்தவில்லை. மூன்றாவது கம்பெனி கிட்டத்தட்டச் சரி என்று சொன்ன நேரத்தில் சி.எஸ்.ஆர்-1 போட உட்கார்ந்தோம், பெயர் ஒத்துப்போகவில்லை. பான் திருத்தி, அதற்கேற்ப 12ஏ, 80ஜி ஆணைகளையும் சரிசெய்து முடிப்பதற்குள் நிதியாண்டு முடிந்துவிட்டது. கம்பெனி வேறு டிரஸ்டுக்குப் போய்விட்டது. அதனால் இதைப் படித்து முடித்ததும் பத்திரம், பான், 12ஏ, 80ஜி, வங்கிப் புத்தகம் ஐந்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். புள்ளி, இடைவெளி வரைக்கும்.

12ஏ, 80ஜி தற்காலிகப் பதிவாக இருந்தால் அதற்கு மூன்று வருடம்தான் ஆயுள். காலாவதிக்கு ஆறு மாதம் முன்னாலேயே முறையான பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள்.

படி 3: எந்தக் கம்பெனி?

சட்டமே கம்பெனிகளைத் தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. எனவே சென்னையில் இருக்கும் பெரிய பெயர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைவிட, உங்கள் மாவட்டத்தில் ஆலையோ மின் நிலையமோ கிளையோ வைத்திருப்பவர்களைத் தேடுங்கள். தேசிய சி.எஸ்.ஆர் இணையதளத்தில் எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில் எவ்வளவு செலவழித்தது என்று பார்க்கலாம். அதோடு, ஒவ்வொரு கம்பெனியும் தன் சி.எஸ்.ஆர் கொள்கையையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களையும் சொந்தத் தளத்தில் போட வேண்டும். போன வருடப் பட்டியலைப் படித்தாலே அவர்கள் ருசி தெரிந்துவிடும். பள்ளிக் கழிப்பறை மட்டுமே கட்டுகிறவர்களிடம் போய் ஆடு வளர்ப்பு பேசாதீர்கள்.

நேரம் முக்கியம். வருடாந்தரச் செயல்திட்டத்தை இயக்குநர் குழு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால், ஜனவரி, பிப்ரவரியிலேயே போய்ப் பேசிவிடுவது நல்லது. மார்ச் கடைசியில் "மிச்சம் இருக்கிறது, உடனே ஏதாவது கொடுங்கள்" என்று போன் வரும். அந்தப் பணத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஏன் என்பதைக் கீழே பின்சேர்க்கையில் சொல்கிறேன்.

படி 4: மாவட்டத்தை விட்டுவிட்டுக் களத்துக்கு வாருங்கள்

எங்கள் முதல் இரண்டு ப்ரொபோசலும் மாவட்டத்தின் வறுமை பற்றிய கட்டுரைகள். ராமநாதபுரம் 2018இல் அறிவிக்கப்பட்ட 112 முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று, தமிழ்நாட்டில் விருதுநகரும் நாங்களும்தான் அந்தப் பட்டியலில் என்று ஆரம்பித்து, நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் குறியீடு வரைக்கும் இரண்டு பக்கம். எல்லாம் உண்மைதான். ஆனால் கம்பெனியின் சி.எஸ்.ஆர் அதிகாரி ஒருவர் எங்களிடம் நேராகவே கேட்டார்: "சரி சார், இதில் நாங்கள் எதைத் தொட்டால் எது மாறும்?" எனக்குப் பதில் வரவில்லை.

நான்காவது தடவை இப்படி எழுதினோம். மாசி, பங்குனியில் முண்டு மிளகாய் பறித்துத் தார்ச்சாலை ஓரத்தில் காயப்போடுகிறார்கள். வண்டித் தூசி, ஆட்டுக்குட்டி, இரவுப் பனி எல்லாம் அதன் மேல்தான். ஒரு கோடை மழை வந்தால் அள்ளுவதற்குள் பாதி நனைந்து நிறம் வெளுத்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும். சந்தையில் வியாபாரி மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். நன்றாகக் காய்ந்த முண்டு வத்தலுக்குள் விதை சலசலக்கும். சத்தம் வராத மூட்டைக்கு அவர் சொல்வதுதான் விலை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே மிளகாய், பனியில் நனைந்தால் இந்த நிலைமை. இரண்டு சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு சிமென்ட் உலர்களமும் தார்ப்பாயும் கிடைத்தால் வெளுத்த வத்தல் எவ்வளவு குறைகிறது என்று இரண்டு பருவம் எடை போட்டுக் காட்டுகிறோம். இவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம்.

எடை போடுவதற்கு ஒரு ஆரம்பக் கணக்கு வேண்டும். பணம் வருவதற்கு முந்தைய பருவத்தில் ஒரு நோட்டில் வீடுவாரியாக எழுதி வைத்தோம்: எத்தனை மூட்டை, அதில் எத்தனை கிலோ வெளுத்தது, என்ன விலைக்குப் போனது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான்காவது கம்பெனியின் அதிகாரி இறங்கி வந்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

படி 5: பட்ஜெட் (இங்கேதான் நான் விழுந்தேன்)

பணம் கிடைத்தும் விழுந்த கதை இது. "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாதாம்" என்று எல்லா டிரஸ்ட்காரர்களும் சொல்வார்கள். நானும் நம்பினேன். களப்பணியாளர் சம்பளம், கணக்குப் பார்ப்பவர், பெட்ரோல், ஆடிட் கட்டணம் எல்லாவற்றையும் 'நிர்வாகம்' என்ற ஒரே வரியில் திணித்தேன். 5 சதவீதத்துக்குள் அடங்கவில்லை என்றதும் சம்பளத்தை எடுத்தே விட்டேன். விளைவு, களம் கட்ட சிமென்ட் இருந்தது, தினமும் அங்கே போய் நிற்க ஆள் இல்லை. எட்டு மாதம் அறங்காவலர்கள் கையிலிருந்து போட்டுத்தான் எங்கள் களப்பணியாளர் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தோம். அவர் ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு விதியை நானே படித்தேன். அந்த 5 சதவீத உச்சவரம்பு கம்பெனிக்கானது. தன் சி.எஸ்.ஆர் பிரிவை நடத்துவதற்கு ஆகும் பொதுவான நிர்வாகச் செலவாக அந்தக் கம்பெனி கணக்குக் காட்டக்கூடிய அளவு அது. குறிப்பிட்ட திட்டம் ஒன்றை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி பதில் சுற்றறிக்கையிலும் இருக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அதிகாரியே தவறாகப் புரிந்து வைத்திருப்பதுண்டு, மெதுவாக எடுத்து நீட்டலாம்.

இப்போது நான் எழுதுவது இப்படி. எண்கள் உதாரணத்துக்கு: களப்பணியாளர் ஒருவர், மாதம் 14,000, 12 மாதம், முழு நேரம், 1,68,000. கணக்காளர், மாதம் 12,000, 12 மாதம், இந்தத் திட்டத்துக்குக் கால்வாசி நேரம், 36,000. களப் பயணம், மாதம் 2,500, 12 மாதம், 30,000. மூன்றும் சேர்ந்து 2,34,000. இதைத் 'திட்ட நடைமுறைச் செலவு' என்ற தலைப்பில், களம் கட்டும் செலவுக்கு அடுத்த வரியிலேயே வைக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை, விலை, காலம், பங்கு என்று நாலு கட்டம். மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் அவர்கள் பேரம் பேசுவார்கள். கால்வாசி நேரம் என்று எழுதினால் என்ன பேசுவது என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள்!

கம்பெனியின் சொந்தக் கொள்கையில் சம்பளத்துக்கு வரம்பு இருந்தால் அது வேறு விஷயம். அப்போது வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள்.

இதை எஃப்.சி.ஆர்.ஏ என்ற வெளிநாட்டு நிதிச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டு நிதிக்கு 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு வரம்பு 20 சதவீதம், அது டிரஸ்டுக்கே உரியது. இரண்டும் இரண்டு சட்டம்.

படி 6: அனுப்புவது

பட்ஜெட்டை வேர்டில் கட்டம் போட்டு அடிக்காதீர்கள். எக்செல் அல்லது கூகுள் ஷீட்தான், கூட்டல் தானாக மாற வேண்டும். பயனாளிப் பட்டியல் தமிழில் இருந்தால் யூனிகோடில் அடியுங்கள். நான் பழைய பழக்கத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பி, அந்தப் பக்கம் நாற்பது பெண்களின் பெயரும் வெறும் குறியீடுகளாகத் திறந்த கதை உண்டு. கணக்கெடுப்புக்கு கோபோ டூல்பாக்ஸ் என்ற செயலி இலவசம், சிக்னல் இல்லாத ஊரிலும் வேலை செய்யும். ஆனாலும் முதல் கணக்கெடுப்பை நோட்டில் எடுப்பதே எனக்குப் பிடிக்கும். கேள்வி தப்பாக இருந்தால் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

படி 7: பணம் வந்த பிறகு

திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள், முடியாவிட்டால் டேலி கணக்கு மென்பொருளில் தனிச் செலவு மையமாவது. பில்லின் பின்னால் அன்றே திட்டத்தின் பெயரை எழுதுங்கள். ஆடிட்டர் கையெழுத்திட்ட யூ.சி. (பயன்பாட்டுச் சான்றிதழ்) கேட்பார்கள், அடுத்த தவணை அதைப் பொறுத்துத்தான். வேலை ஒரு வருடத்தைத் தாண்டும் என்றால், ஒப்பந்தத்திலேயே 'தொடர் திட்டம்' என்று ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று வருடம் வரை போகலாம்.

பின்சேர்க்கை 1: மார்ச் கடைசிப் பணத்தை ஏன் நம்பவில்லை என்று மேலே சொல்லாமல் விட்டேன். டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டிலேயே பயன்படுத்த வேண்டும். 28ஆம் தேதி வந்த பணத்தை மூன்று நாளில் எங்கே செலவழிப்பது? அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகப் படிவம் 9ஏ, சேர்த்து வைக்கப் படிவம் 10 உண்டு, கெடு தவறினால் வரி. இவை 1961 சட்டத்தின் படிவ எண்கள். 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், எந்த எண்ணில் போட வேண்டும் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: "வெளிநாட்டுக் கம்பெனியின் இந்தியத் துணை நிறுவனம் பணம் தருகிறது, எங்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ பதிவு இல்லை, பணத்தை வாங்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். 2016 திருத்தத்தின்படி, அந்த நிறுவனத்தின் வெளிநாட்டு முதலீடு சட்டம் அனுமதித்த வரம்புக்குள் இருந்தால் அது வெளிநாட்டு மூலமாகக் கருதப்படாது. ஆனாலும் அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் ஒரு ரூபாய் கூடக் கணக்கில் ஏற்றாதீர்கள்.

பின்சேர்க்கை 3: உலர்களம் யாருக்குச் சொந்தம்? இதை நான் முதலில் எழுதாமல் விட்டது தப்பு. சி.எஸ்.ஆர் பணத்தில் உருவாகும் சொத்து கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது. பதிவு எண் உள்ள டிரஸ்ட், பயனாளிகளின் குழு, அரசு அமைப்பு இவற்றில் ஒன்றின் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் களம் ஊராட்சி இடத்தில் இருக்கிறது. கட்டி முடித்த பிறகுதான் கடிதம் கேட்டுப் போனோம், அதற்குள் ஊராட்சியில் ஆள் மாறியிருந்தார்கள். ஐந்து நடை நடந்து வாங்கினோம். நீங்கள் முதல் சிமென்ட் மூட்டை இறங்குவதற்கு முன்னாலேயே தீர்மான நகலை வாங்கி ஃபைலில் வைத்துவிடுங்கள்.