கிளவுடுக்கு மாறும்போது சறுக்கும் இடங்கள்

கடையின் பில்லிங்கையும் கோப்புகளையும் இன்டர்நெட் வழியாக ஓடும் கிளவுடுக்கு மாற்ற நினைத்தால், பப்ளிக்கா (வெளி நிறுவனத்தின் பொதுச் சர்வர்), பிரைவேட்டா (நமக்கு மட்டுமானது), ஹைப்ரிடா (இரண்டும் கலந்தது) என்ற கேள்வியோடுதான் பலரும் தொடங்குகிறார்கள். தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது. இன்டர்நெட் அறுந்துபோனால் எந்த வேலை நிற்கக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. கம்பம் சாய்வதும் ஃபைபர் அறுவதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்து மொத்த வியாபாரம் செய்பவர் பில்லிங்கை முழுக்க பப்ளிக் கிளவுடில் வைத்தால், லைன் போன அன்று ஒரு பில்கூடப் போட முடியாது. பில்லிங் கடைக்குள் ஓடி, நகல் மட்டும் கிளவுடுக்குப் போகும் ஹைப்ரிட்தான் அவருக்குச் சரி. ஈமெயிலும் பழைய கோப்புகளும் தாராளமாக பப்ளிக்கில் இருக்கலாம். "ரெண்டு கம்பெனி லைன் வெச்சிருக்கோமே" என்பார்கள். இரண்டு கேபிளும் ஒரே மின்கம்பத்தில் தொங்கினால் அது ஒரு லைன்தான்.

மாடி அறையில் ஒரே சர்வர், அதற்குள் நாலு விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளால் உருவாக்கிய கணினி). இதைப் பிரைவேட் கிளவுட் என்று சொல்லிக்கொள்வது அடுத்த கூத்து. மதர்போர்டு போனால் நாலும் சேர்ந்து படுத்துவிடும்.

மும்பை, ஐதராபாத், புனே, சென்னை என உள்நாட்டிலேயே ரீஜன்கள் (கிளவுட் நிறுவனங்களின் சர்வர் மையங்கள் உள்ள பகுதிகள்) இருக்க, கவனிக்காமல் தரவை அமெரிக்க ரீஜனில் விட்டுவிடுகிறார்கள். தாமதம் ஒருபுறம். கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனமென்றால், கணினிக் கணக்குகளின் பேக்அப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் எடுத்தாக வேண்டும். 'அவ்வப்போது' என்றிருந்த விதியை 2022 ஆகஸ்டில் 'தினமும்' என்று மாற்றிவிட்டார்கள்.

ஒரு டெராபைட் தரவு 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற, இடைவிடாமல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். சனி இரவு தொடங்கித் திங்கள் காலை கடை திறக்கும் கணக்கு இங்கேதான் உடைகிறது. பத்து நாள் முன்பே பழையதை ஏற்றிவிட்டு, கடைசி இரவில் மாறியதை மட்டும் அனுப்புங்கள்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில், வாடகை மெஷினை விண்டோஸுக்குள்ளிருந்து ஷட்டவுன் கொடுத்தால் மெஷின் அணைந்துவிடும், வாடகை அணையாது. அஸூரின் இணையப் பக்கமான போர்ட்டலில் ஸ்டாப் அழுத்தி, 'டீஅலோகேட்டட்' (ஒதுக்கியதை விடுவித்தாயிற்று) என்று வருகிறதா பாருங்கள். அதன்பிறகும் டிஸ்க் வாடகை உண்டு, ஆனாலும் லாபமே. நிறுத்தாமல் விட்டால் மாதத்துக்குச் சுமார் 730 மணி நேரம். தினம் பத்து மணி, 26 நாள் ஓடினால் 260தான்.

தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை (இணைப்பு வாசலை) ஊருக்கே திறந்து வைக்காதீர்கள். விபிஎன் (மறையாக்கிய தனிப்பாதை) வழியாக மட்டும் விடுங்கள்.

கோப்பு மாறியதும் தானே கிளவுடிலும் மாற்றும் டிரைவ் சிங்க்கை பேக்அப் என்று நம்பிவிடாதீர்கள். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் பூட்டிய கோப்பும் அதே வேகத்தில் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி 30 நாள் பூட்டிய நகல் ஒன்று தனிக் கணக்கில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் அதை இறக்கி, போன மாத பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள்.