பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

123456789 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக நிற்பதால், காரணிகளும் அழகாக வரும் என்று மனம் எதிர்பார்க்கும். முதல் தவறு அதுதான். அந்த வரிசை நாம் பதின்ம முறையில் எழுதுவதால் தெரிவது. காரணிகள் எழுதும் முறையைப் பொறுத்தவை அல்ல.

இலக்கங்களைக் கூட்டினால் 45. அது ஒன்பதால் வகுபடுவதால் எண்ணும் வகுபடும். இந்த விதியை அதே கையோடு 27க்கும் நீட்டிவிடுகிறார்கள். 1899இன் இலக்கங்களைக் கூட்டினால் 27 வருகிறது, ஆனால் 1899ஐ 27ஆல் வகுத்தால் மீதி 9. பத்து, நூறு, ஆயிரம் எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதே விதியின் உயிர். 27ஆல் வகுத்தால் மீதி 10, 19, 1 என்று மாறிக்கொண்டே போகும்.

நம் எண்ணை 9ஆல் வகுத்தால் 13717421. பொறுமை வேண்டிய இடம் இது. 7, 11, 13 என்று தொடங்கி ஆயிரம் தாண்டி, மூவாயிரமும் தாண்டிப் போனாலும் எந்தப் பகா எண்ணும் இதை வகுக்காது. அலுத்துப்போய் 'பகா எண்' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது! தேடலின் எல்லை வர்க்கமூலம். இங்கே அது ஏறத்தாழ 3703. அந்த எல்லையை எட்ட நூறு எண்கள்கூட மிச்சமில்லாத நிலையில் 3607 மீதியின்றி வகுக்கிறது, ஈவு 3803. இரண்டும் பகா எண்களா என்று தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை: அவற்றுக்குச் சிறிய காரணி இருந்திருந்தால் அது முன்பே சிக்கியிருக்கும். எண்ணில் பாதிவரை தேடுவதோ வீண் உழைப்பு.

அவசரம் பெரியவர்களையும் விட்டதில்லை. 4294967297 பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நம்பினார். அதை 641 வகுக்கும் என்று 1732இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் காட்டினார்.

இனி காரணிகளின் எண்ணிக்கை. 3² × 3607 × 3803 என்பதில் அடுக்குகள் 2, 1, 1. அவற்றை அப்படியே பெருக்கி 2 என்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்காமலே விடுவதும் ஒரு தேர்வு என்பதால் அடுக்கோடு ஒன்று கூட்ட வேண்டும்: 3 × 2 × 2 = 12. அந்தப் பன்னிரண்டின் கூட்டுத்தொகை (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804, அதாவது 178422816.

கடைசியாக, கணினி விரிதாளை அப்படியே நம்புவது. 123456789ஐ வர்க்கப்படுத்தினால் பல விரிதாள்கள் 15241578750190500 என்று காட்டும். அவை 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகின்றன. ஒன்பதில் முடியும் எண்ணின் வர்க்கம் பூஜ்யத்தில் முடியாது என்பதை விரலளவு கணக்கே சொல்லிவிடும். சரியான விடை 15241578750190521.