பனியிலயும் சாகாத முள்ளு ஆரஞ்சு: விதையிலருந்து வளக்குறது எப்படி

இந்த ட்ரைஃபோலியேட் ஆரஞ்சு (மூணு இலை ஆரஞ்சு) செடியோட இலைய பாத்தா வில்வம்னே நெனப்பீங்க, மூணு மூணா இருக்கும், முள்ளும் உண்டு, ரெண்டும் ஒரே குடும்பம்தான். ஆனா இந்த ஆரஞ்சுக்கு பூர்வீகம் சீனா, கொரியா பக்கம், வேர் புடிச்சுட்டா மைனஸ் 15 டிகிரியெல்லாம் தாங்கும். அழகுக்குத்தான் வளக்கணும், பழம் கசப்பும் புளிப்புமா வாயில வைக்க முடியாது.

முதல்ல விதை. நல்லா மஞ்சளான பழத்த வெட்டினா உள்ள பூரா விதைதான், கையில பிசினா ஒட்டும், சமையல் எண்ணெய் தடவி துடைச்சா போயிரும். நான் மொத வருஷம் மொளகா விதை மாதிரி பேப்பர்ல பரப்பி ரெண்டு வாரம் காயவச்சேன், ஒண்ணுகூட மொளைக்கல. இந்த விதைய காயவே விடக்கூடாதுங்க! கழுவின கையோட, பிழிஞ்சா தண்ணி சொட்டாத அளவு ஈரமான தேங்கா நார்த்தூள்ல கலந்து, ஜிப் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல 6 வாரம் வைங்க (ஃப்ரீசர் இல்ல). வாரம் ஒருதடவ தொறந்து பூஞ்சை வந்திருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒரு செ.மீ ஆழத்துல ஊனி வெதுவெதுப்பான எடத்துல வச்சுட்டு பொறுமையா இருக்கணும். ஒரே விதையில ரெண்டு மூணு மொளை வரும், பெரும்பாலும் எல்லாமே தாய்ச்செடியோட நகல்தான்.

நடுறதுக்கு நல்ல வெயில், தண்ணி நிக்காத மண்ணு. சுண்ணாம்பு மண்ணு ஆகாது, நரம்பு மட்டும் பச்சையா இருந்து இலை வெளுத்துரும். காஞ்ச மண்ணுல வினிகர் ஊத்தி பாருங்க, நுரைச்சா பேசாம தொட்டியிலயே வளத்துருங்க. நடக்குற வழியில வைக்காதீங்க, முள்ளு 5 செ.மீ வரைக்கும் வரும், வெட்டிப்போட்ட ஒரு குச்சி என் தள்ளுவண்டி டயரையே பஞ்சர் ஆக்கிருச்சு.

வெட்டுறதுன்னா பூ முடிஞ்ச உடனே, போன வருஷத்து கொம்புலதான் பூக்கும். பனிக்காலத்துல வெட்டினா அந்த வருஷ பூ காலி. பைபாஸ் கத்திரிதான் (ரெண்டு பிளேடும் ஒண்ண ஒண்ணு உரசி தாண்டி வெட்டுறது) என் சாய்ஸ், ஆன்வில் டைப் (ஒரு பிளேடு தட்டையான பட்டை மேல வந்து அமுக்குறது) கொம்ப நசுக்கிரும். முழங்கை வரைக்கும் வர்ற லெதர் க்ளவுஸ் கண்டிப்பா வேணும், துணி க்ளவுஸெல்லாம் சும்மா.

அப்டேட்: "கொம்பெல்லாம் வளைஞ்சு நெளிஞ்சு வருதே, நோயா?"ன்னு கேட்டிருந்தீங்க. அது ஃப்ளையிங் டிராகன்ங்கற குட்டை ரகம், முள்ளுகூட கொக்கி மாதிரிதான் இருக்கும்.

இன்னொருத்தர் பனிக்காலத்துல இலையெல்லாம் கொட்டவும் செத்துருச்சுன்னு புடுங்கிட்டாராம், அய்யோ! எலுமிச்சை மாதிரி இல்லீங்க, இது வருஷா வருஷம் இலை கொட்டும். கொம்பு பச்சையா இருந்தா விட்டுருங்க, வசந்தத்துல இலைக்கு முன்னாடி வெள்ளப்பூதான் வரும்.